ரிக் கேட்கும் உடம்பு

(பெட்ரோலியத் தொழில்நுட்ப மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, எண்ணெய், எரிவாயு ரிக் பணிக்குத் தேவையான உடல்தகுதி. நான் கிணறு தோண்டுகிற ஆள் இல்லை, மருத்துவர். மும்பைக்கு மேற்கே கடலில் நிற்கும் ரிக்குகளில் டாக்டராக இருந்தேன். பிறகு கரைக்கு வந்து, ரிக்குக்குப் போகிறவர்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் எழுதும் வேலை. அதாவது, முதலில் அடிபட்ட உடம்புகளைப் பார்த்தேன், பிறகு அடிபடப் போகும் உடம்புகளைப் பார்த்தேன்.

காவிரி டெல்டாவில் எண்ணெய்க் கிணறு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தை இந்த ஊரில் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நரிமணம், குத்தாலம், கதிராமங்கலம் எல்லாம் உங்களுக்குப் பழகிய பெயர்கள். 2020-ல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டமும் வந்துவிட்டது. அதற்குள் நான் இன்று போகவில்லை. சட்டம் வந்தாலும் வராவிட்டாலும், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பம்பாய் ஹை கடல்வயலுக்கும் அபுதாபிக்கும் குவைத்துக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். போகிற பிள்ளையின் உடம்பைப் பற்றித்தான் என் பேச்சு.

பரிசோதனைக்கு வரும் பையன்களில் பலர் சில மாதம் ஜிம்முக்குப் போய்ப் புஜத்தை ஏற்றிக்கொண்டு வருவார்கள். எடை பார்க்கும்போதே நெஞ்சை நிமிர்த்துவார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருக்கும். சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, “பீப் சத்தம் கேட்டால் பட்டனை அமுக்குங்கள்” என்று சொல்லும்போதுதான் முகம் மாறும். ஒருவர் கேட்டேவிட்டார்: “டாக்டர், நான் டிரில்லிங் வேலைக்குத்தானே போறேன், பாட்டு கேக்கவா போறேன்?” நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒரு மணி நேரம் ஆகும், வெளியே இன்னும் இருபது பேர் நிற்கிறார்கள் என்று அன்றைக்கு அனுப்பிவிட்டேன். இன்றைக்கு நீங்கள் ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள்.

ரிக்குக்குப் பலசாலி வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். வேண்டும்தான். ஆனால் பலத்தைவிடப் புலன்களைத்தான் ரிக் அதிகம் கேட்கிறது. கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தப் புலன்களையே தின்னவும் செய்கிறது. அதோடு, அவை பொய் சொல்லும் நேரங்களில் அவற்றை நம்பாமலிருக்கவும் பழகச் சொல்கிறது. இந்த மூன்றாவதுதான் கஷ்டம். ஜிம்மில் அதற்குக் கருவி கிடையாது.

அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் ஓ-நெட் என்று ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. எந்த வேலையானாலும் அதை 52 திறன்களை வைத்து அளப்பார்கள். அவற்றில் மூளைக்கு 21. கை, கால், விரல் ஒருங்கிணைப்புக்கு 10. பலம், தாங்கும் சக்தி, உடல் வளைவு போன்றவற்றுக்கு 9. புலன்களுக்கு 12. அந்தப் பன்னிரண்டைப் படித்துப் பார்த்தால் கிட்டப்பார்வை, தூரப்பார்வை, நிறம் பிரித்தறிதல், இருட்டில் பார்த்தல், சத்தம் வரும் திசையை அறிதல் என்று கண்ணும் காதும் பேச்சும் மட்டும்தான் இருக்கும். மூக்கும் தோலும் கிடையாது. அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய பட்டியல் என்று எனக்குத் தோன்றும். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் பலத்தைப் பார்த்துவிடுவோம்.

5 அங்குல விட்டமுள்ள டிரில் பைப் ஒன்று ஏறக்குறைய 30 அடி நீளம், 270 கிலோ எடை. அதை மனிதன் தூக்குவதில்லை, டெரிக்கில் தொங்கும் பிளாக் தூக்கும். மூன்று பைப் சேர்ந்தது ஒரு ஸ்டாண்ட். 3,000 மீட்டர் ஆழக் கிணற்றில் பாறையைத் துளைக்கும் பிட் தேய்ந்துபோனால் மொத்தப் பைப்பையும் வெளியே இழுத்து, பிட்டை மாற்றி, மறுபடி இறக்க வேண்டும். இழுக்கும்போது நூறு ஸ்டாண்டுக்கு மேல். இறக்கும்போது மறுபடி அதே நூறு. இதற்கு டிரிப் என்று பெயர். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ரிக் தளத்தில் நிற்பவர்கள் ஸ்லிப்ஸைப் போட வேண்டும், எடுக்க வேண்டும். ஸ்லிப்ஸ் என்பது பைப்பைச் சுற்றி ஆப்பு மாதிரி இறங்கிப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பல்வரிசை. மூன்று கைப்பிடி, இரண்டு மூன்று ஆட்கள்.

புதிதாக வந்தவர் என்ன செய்வார் தெரியுமா? எடுக்க வேண்டிய நேரம் வந்ததும் குனிந்து, முதுகை வளைத்து, தன் பலத்தால் ஸ்லிப்ஸைப் பிடுங்கப் பார்ப்பார். அது அசையாது. கீழே தொங்கும் முழு எடையும் அந்த ஆப்பை இறுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் பழைய ஆள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். டிரில்லர் பைப்பை ஒரு சாண் மேலே எடுப்பார்; அந்தக் கணத்தில் ஆப்பு தானாகத் தளரும். அப்போது முழங்காலை நிமிர்த்தினால் போதும், பைப்பே ஸ்லிப்ஸை மேலே கொண்டுவந்து கொடுத்துவிடும். கரைவலை இழுக்கும் நம் மீனவர்கள் அலை திரும்பும் நேரம் பார்த்துத்தான் கயிற்றில் எடையைப் போடுவார்கள், இதுவும் அந்தக் கணக்குதான். பழைய ஆளுக்கு அந்தக் கணம் கண்ணால் தெரிவதைவிட, பூட்ஸ் வழியாகவும் உள்ளங்கை வழியாகவும்தான் முதலில் தெரியும். முதுகுவலி மாத்திரை கேட்டு என்னிடம் வந்தவர்களில் புது ஆட்கள் ஏன் அதிகம் என்று எனக்குப் புரிய, நானே தளத்தில் போய் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

தேவைப்படும் பலம் அந்த ஒரு நொடிக்கானது இல்லை, பன்னிரண்டு மணி நேரத்துக்கானது. ஷிஃப்ட் 12 மணி நேரம்; கடலில் பொதுவாக இரண்டு வாரம், சில இடங்களில் நான்கு வாரம், விடுமுறை இல்லாமல். கடைசி ஸ்டாண்டிலும் முதல் ஸ்டாண்டில் இருந்த அதே கவனத்தோடு விரலை வைக்க வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். ரிக் டாக்டரின் பதிவேட்டைத் திறந்தால் கை, விரல், நகம் என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கும். முன்பெல்லாம் பைப்பைச் சுழற்றி மாட்ட ஒரு சங்கிலியை லாகவமாகச் சுழற்றி வீசுவார்கள். பார்க்க அழகான வித்தை. விரல் போனவர்கள் ஏராளம். இன்று நல்ல ரிக்குகளில் அந்த வேலையை இயந்திரக் கை செய்கிறது. அந்தச் சங்கிலிக்காக ஏங்கும் பழைய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த ஏக்கம் இல்லை.

மேலே டாப்மேன் நிற்பார். தளத்திலிருந்து ஏறக்குறைய 27 மீட்டர் உயரம், ஒரு மெல்லிய பலகை. பெல்ட்டை நம்பி உடம்பை வெளியே சாய்த்து, ஆடிக்கொண்டு வரும் ஸ்டாண்டின் தலையைப் பிடித்து இழுத்து அதன் இடத்தில் நிறுத்த வேண்டும். பிளாக் பக்கத்திலேயே ஏறும், இறங்கும். தூரத்தைத் துல்லியமாக அளக்கும் கண் இல்லாதவர் அங்கே ஒரு ஷிஃப்ட் தாங்க மாட்டார். உயரம் என்றால் பயம் என்பதை என் அறையில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. ஏணியில் ஏறியதும் கால் ஒத்துக்கொண்டுவிடும்.

இப்போது காது. அந்தப் பையனின் கேள்வி.

டிரில்லர் என்பவர் ஒரு காலத்தில் பிரேக் பிடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர். ஆயிரக்கணக்கான மீட்டர் கீழே பிட் எந்தப் பாறையைக் கடிக்கிறது என்பது அந்தப் பிடியின் நடுக்கத்தில் தெரியும், தளத்தின் அதிர்வில் தெரியும், கிணற்றுக்குள் சுழலும் சேறான ‘மட்’டை இறைக்கும் மட் பம்பின் ஓட்டத்தில் கேட்கும். பம்பின் சத்தம் திடீரென்று இலேசானால், வேகம் கூடினால், டிரில்லர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். கிணற்றுக்குள்ளே எரிவாயுவோ எண்ணெயோ புகுந்து மட்டை மேலே தள்ளத் தொடங்கியிருக்கலாம். ரிக்கில் இதைக் கிக் என்பார்கள். அதைக் கட்டுப்படுத்தாவிட்டால் அடுத்தது கிணறு கட்டுமீறிப் பீறிடும் புளோஅவுட். டேங்கில் மட் அளவு கூடுவது, பம்ப் அழுத்தம் குறைவது, பிட் திடீரென்று வேகமாக இறங்குவது, பம்பை நிறுத்திய பிறகும் மட் வழிந்துகொண்டே இருப்பது ஆகியவை பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்த அறிகுறிகள். அவற்றில் சிலதைப் பழகிய காது மானியைவிட முந்திச் சொல்லிவிடும்.

ஆனால் அந்தக் காதை அந்த ரிக்கே கெடுக்கிறது. எஞ்சின் அறை, மட் பம்ப், மட்டைச் சலிக்கும் ஷேல் ஷேக்கர், எல்லாம் கத்துகின்றன. நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 85 டெசிபெல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு. டெசிபெல் என்பது ஏமாற்றுகிற கணக்கு: 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. 12 மணி நேர ஷிஃப்ட் என்றால் அந்த வரம்பு 83-க்கு இறங்கிவிட வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு எழுதிய அட்டவணையை அப்படியே பன்னிரண்டு மணி நேர ஆளுக்கு மாட்டிவிடும் பாதுகாப்பு அதிகாரிகளோடு நான் சண்டை போட்டிருக்கிறேன்.

சத்தத்தால் கெடும் காது ஒரேயடியாகக் கெடுவதில்லை. 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முதலில் ஒரு பள்ளம் விழும். அந்த உயரத்தில் இருப்பவை மெல்லிய ஒலிகள்: ச, ஸ, த போன்ற எழுத்துகளின் கூர்மை. ஆளுக்குச் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. “எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது டாக்டர், இவங்கதான் முணுமுணுக்கிறாங்க” என்று மனைவியைக் காட்டுவார். மனைவி என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்த ஆளின் ஆடியோகிராமை, அதாவது செவிப் பரிசோதனை வரைபடத்தை, பார்க்காமலேயே எனக்குப் பள்ளம் தெரிந்துவிடும். உட்செவியில் செத்துப்போன மயிர்ச்செல் திரும்ப முளைக்காது. மருந்து இல்லை.

காதடைப்பான் போட்டால் ஆயிற்றே என்பீர்கள். போடத்தான் வேண்டும். போட்டால் பம்பின் சத்தத்தோடு பக்கத்து ஆளின் கூச்சலும் குறையும். அதனால்தான் ரிக் தளத்தில் பேச்சைவிடக் கைச்சைகை அதிகம். கிரேன் தூக்கும்போது ஆபரேட்டர் ஒரே ஒருவரின் சைகைக்குத்தான் கட்டுப்படுவார்; ‘நிறுத்து’ என்ற சைகைக்கு மட்டும் விலக்கு, அதை யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். டீ கொண்டுவந்த பையன் காட்டினாலும்தான். இத்தனை சத்தத்துக்கும் நடுவில் அபாயமணி ஒன்று தனியாகக் காதில் விழ வேண்டும். பல ஒலிகளுக்குள்ளிருந்து வேண்டிய ஒலியைப் பிரித்தெடுப்பது ஒரு தனித் திறன். பீப் சத்தம் கேட்கிறதா என்று நான் பார்ப்பது அதில் ஒரு துளிதான். பாட்டு கேட்கப் போகவில்லை என்று சொன்ன தம்பிக்கு இதுதான் என் பதில்.

மூக்குக்கு வருவோம். பட்டியலில் இடம் கிடைக்காத மூக்கு.

சில கிணறுகளில் எண்ணெயோடும் எரிவாயுவோடும் ஹைட்ரஜன் சல்பைடு வரும். கெட்ட முட்டை நாற்றம். காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு கண்டுபிடித்துவிடும், அவ்வளவு கெட்டிக்கார மூக்கு நமக்கு. பத்து லட்சத்தில் நூறு பங்கு ஆகும்போது சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிடும். ஆள் என்ன நினைப்பார்? கசிவு நின்றுவிட்டது, காற்று கொண்டுபோய்விட்டது என்று நினைப்பார். வாயு அங்கேயே இருக்கும், கூடிக்கொண்டும் இருக்கும். ஐந்நூறைத் தாண்டினால் நிமிடங்களில் சுருண்டு விழுவார். ஆயிரம் பக்கம் போனால் ஒன்றிரண்டு மூச்சு போதும்.

விழுந்த ஆளைப் பார்த்ததும் நண்பர் ஓடுவார். அவரும் விழுவார். இந்த வாயு ஒருவரை மட்டும் கொண்டுபோவது அபூர்வம். நல்ல மனசுக்காரர்களைத்தான் அடுத்ததாக எடுக்கும். அதனால், விழுந்தவரை நோக்கி ஓடாதே, முதலில் உன் மாஸ்க்கைப் போடு என்று திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுக்கிறார்கள். நம் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். கழிவுநீர்த் தொட்டிகளில் நாம் இழந்துகொண்டிருக்கும் உயிர்களிலும் இதே வாயுவும் இதே ஓட்டமும் உண்டு.

2003 டிசம்பர் 23 இரவு, சீனாவில் சோங்சிங் பகுதியிலுள்ள காய் மாவட்டத்தில் ஓர் எரிவாயுக் கிணறு புளோஅவுட் ஆனது. அதிலிருந்து வந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருந்தது. 243 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள். காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில் தங்கும். ரிக்கில் காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பை ஒன்று எப்போதும் பறந்துகொண்டிருக்கும். மணி அடித்ததும் எங்கே ஓடுவது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், காற்று வரும் திசையை நோக்கி, மேட்டை நோக்கி.

இன்னொரு பக்கம், இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. வீட்டுச் சிலிண்டரில் வரும் நாற்றம் நம் பாதுகாப்புக்காகக் கலந்தது. கிணற்றிலிருந்து வருவதில் அதை யாரும் கலப்பதில்லை. காற்றில் 5 முதல் 15 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். ஆக, ஒரு வாயுவை மூக்கு அறியவே அறியாது. இன்னொன்றை அறிந்துவிட்டுப் பிறகு மறைக்கும். சட்டையில் மாட்டும் சின்ன மானி, ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 10 பங்கு ஆனாலே பொதுவாகக் கத்தத் தொடங்கும். ‘எனக்கு ஒண்ணும் நாறலியே’ என்று சொல்லி அதை அணைப்பவரோடு நான் ஒரே ரிக்கில் படுத்துத் தூங்க மாட்டேன்.

ஹைட்ரஜன் சல்பைடுக்கு மாஸ்க் போட வேண்டியிருப்பதால்தான் தாடி கூடாது என்கிறார்கள். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு தோலில் ஒட்ட வேண்டும். இரண்டு நாள் முளைத்த முடி போதும், இடைவெளி விழுந்துவிடும். மத நம்பிக்கைக்காகத் தாடி வைத்திருப்பவர்களுக்கு இது சங்கடமான இடம் என்பதை நான் அறிவேன். ஆனால் முடிவு அந்த விளிம்பின் கையில் இருக்கிறது.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறக்குருடு இருக்கிறதா என்று பார்க்க ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட புள்ளிப் படங்களைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். புள்ளிகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். இணையத்தில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். முதல் பக்கம் 12, அடுத்தது 8 என்று நான் பக்கத்தைத் திறக்கும் முன்பே ஒருவர் சொல்லிவிட்டார். நடுவிலிருந்து கலைத்துக் காட்டினேன், நின்றுபோனார். அவரைத் திட்டவில்லை. நிறக்குருடு அம்மா வழியில் வருவது, அவர் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் ரிக்கில் மின்வயர், விளக்கு, சிலிண்டர் எல்லாம் நிறத்தில்தான் பேசும். பாரம் தூக்கும் ஸ்லிங், ஷேக்கிள் எல்லாவற்றுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை, பல இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பரிசோதனை முடிந்ததும் புது நிறம் அடிப்பார்கள். போன முறை அடித்த நிறம் இன்னும் இருந்தால் அதைத் தொடக் கூடாது. பழுப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும் கண்ணுக்குத் தேறியதும் தேறாததும் ஒன்றுதான். நிறக்குறை இருப்பவர்களுக்கு ரிக்கின் கதவு முழுவதும் மூடியதாக நினைக்க வேண்டாம். நிறத்தை நம்பி நிற்காத பணிகள் இருக்கின்றன. மறைத்துக்கொண்டு போவதுதான் ஆபத்து.

நாற்பதைத் தாண்டிய ஆசிரியர்களுக்கு ஓர் இடைச்செருகல்: இரண்டு பவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கம்பிவலைப் படிக்கட்டில் இறங்கும்போது படி இருக்குமிடம் மாறித் தெரியும். என்னிடம் கணுக்கால் பிசகி வந்த மூத்த ஆட்களின் மூக்கில் பெரும்பாலும் அந்தக் கண்ணாடிதான்.

பட்டியலில் இடமில்லாத இன்னொன்று தோல், அதாவது தொடு உணர்வு. ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் எஞ்சினும் சுழலியும் மேலே இருப்பதால் தலைகீழாகக் கவிழும். அதற்காகவே குளத்தில் ஒரு பொய் ஹெலிகாப்டரை வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். நம் நாட்டிலும் உண்டு. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெல்ட் மாட்டி உட்காருவீர்கள், பெட்டி நீரில் இறங்கும், கவிழும். மூக்கில் தண்ணீர் ஏறும். கண்ணைத் திறந்தாலும் குமிழிதான் தெரியும். எது மேல், எது கீழ் என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வது தவறாக இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: ஒரு கை ஜன்னல் விளிம்பில், மறு கை பெல்ட் கொக்கியில். சுழற்சி நிற்கும்வரை கொக்கியைத் திறக்கக் கூடாது. நின்றதும் ஜன்னலைத் தள்ளி, பெல்ட்டை அவிழ்த்து, விளிம்பில் இருக்கும் கை போகும் வழியிலேயே உடம்பை இழுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். கண் சொல்வதையும் காது சொல்வதையும் தள்ளிவிட்டு அந்த ஒரு கையை மட்டும் நம்ப வேண்டும். நன்றாக நீந்தும் மீனவர் வீட்டுப் பையன்கள் இதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன், பெல்ட்டை முதலிலேயே அவிழ்த்துவிட்டு நீந்தப் பார்ப்பார்கள். கவிழ்ந்த பெட்டிக்குள் நீந்த இடம் ஏது?

இது ஏட்டுக் கதை இல்லை. 2022 ஜூன் 28-ம் தேதி, மும்பைக் கடலில் சாகர் கிரண் ரிக்குக்கு அருகே ஒரு ஹெலிகாப்டர் கடலில் இறங்கியது. ஒன்பது பேர் இருந்தார்கள். நால்வர் திரும்பவில்லை.

1988 ஜூலை 6-ம் தேதி வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்தபோது 167 பேர் இறந்தார்கள். பலர் தங்கும் பகுதியில் உத்தரவு வருமென்று காத்திருந்து புகையில் போனவர்கள். பிழைத்த 61 பேரில், புகைக்குள் கையால் தடவி வழி கண்டுபிடித்தவர்கள் உண்டு, கயிற்றில் இறங்கியவர்கள் உண்டு, 50 மீட்டருக்கும் மேலிருந்து கடலில் குதித்தவர்களும் உண்டு. ரிக்குக்குப் போனதும் முதல் நாளே அறையிலிருந்து உயிர்காப்புப் படகு வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள். கூடவே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

இப்போது ஒன்று புரிந்திருக்கும். நான் செய்யும் பரிசோதனையில் பெரும்பகுதி ‘இவரால் வேலை செய்ய முடியுமா’ என்பதற்கானது இல்லை. ‘இவரால் வெளியே வர முடியுமா, வர முடியாவிட்டால் மற்றவர்களால் இவரைக் கொண்டுவர முடியுமா’ என்பதற்கானது. பிரிட்டனில் 2015 முதல் கடல் ஹெலிகாப்டரில் ஏறுபவர்களுக்குத் தோள் அகலம் அளக்கிறார்கள். 22 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருக்கை. ஜிம்முக்குப் போகும் தம்பிகள் கவனிக்க! அங்கேயே எடைக்கும் உச்சவரம்பு அறிவித்திருக்கிறார்கள், உடையோடு 124.7 கிலோ. இந்த விநோத எண் எங்கிருந்து வந்தது? மீட்பு ஹெலிகாப்டரின் கயிறு 249 கிலோதான் தூக்கும். அதில் மீட்பவரின் சராசரி எடை 90.3, ஸ்ட்ரெச்சர் 29, கருவிகள் 5 போக மிஞ்சுவது நோயாளிக்கு. எடை என்பது அழகு சம்பந்தப்பட்ட பேச்சில்லை. கயிறு சம்பந்தப்பட்ட கணக்கு.

சமையல்காரருக்கும் துணி துவைப்பவருக்கும் ஏன் இதே பரிசோதனை என்று ஒப்பந்தக்காரர்கள் என்னிடம் முறையிடுவதுண்டு. அவர்களுக்கு நான் 2005 ஜூலை 27-ஐச் சொல்வேன். சமுத்ர சுரக்ஷா என்ற துணைக்கப்பலில் ஒரு சமையல்காரரின் விரல் வெட்டுப்பட்டது. மழைக்காலம், ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை. சிகிச்சைக்காக அவரைப் பம்பாய் ஹை நார்த் மேடைக்கு ஏற்றக் கப்பல் நெருங்கியது. கொந்தளிப்பில் கப்பல் மேடையின் எரிவாயுக் குழாய்களில் மோதியது. தீ. இரண்டு மணி நேரத்தில் மேடையே இல்லை. 22 பேர் இறந்தார்கள், 362 பேர் மீட்கப்பட்டார்கள். சமையலறையில் பட்ட ஒரு காயம் எங்கே கொண்டுபோய்விட்டது பாருங்கள். கடலில் சின்னக் காயம் என்று ஒன்று கிடையாது.

மறுபடி டிரில்லரிடம் வருவோம். புது ரிக்குகளில் பிரேக் பிடியே இல்லை. டிரில்லர் ஏசி அறையில் நாற்காலியில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கால் ஓட்டுகிறார். சுற்றிலும் திரைகள். உடம்புக்கு இது பெரிய விடுதலை, நான் வரவேற்கிறேன். ஆனால் கையும் காதும் செய்துகொண்டிருந்த வேலை முழுவதும் கண்ணின் தலையில் விழுந்திருக்கிறது. விடிகாலை நான்கு மணிக்கு, நைட் ஷிஃப்டின் முதல் சில நாட்களில், கண் திறந்திருக்கும், எண் தெரியும், மனதில் ஏறாது. ரத்தப் பரிசோதனையில் இது தெரிவதில்லை.

எண் தெரிந்தும் ஏறாமல் போவதற்குத் தூக்கம் மட்டும் காரணமில்லை. 2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடா, டீப்வாட்டர் ஹொரைஸன் ரிக். கிணறு அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை நடத்தினார்கள். டிரில் பைப் மானி 1,400 பிஎஸ்ஐ காட்டியது. அதே கிணற்றோடு இணைந்த கில் லைன் என்ற குழாயின் மானி பூஜ்யம் காட்டியது. இரண்டும் ஒத்துப்போயிருக்க வேண்டும். மானி பொய் சொல்லவில்லை, பார்த்தவர்களுக்குக் கண்ணும் பழுதில்லை, அனுபவத்துக்கும் குறைவில்லை. பிளாடர் எஃபெக்ட் என்று ஒரு விளக்கம் சொல்லப்பட்டது, ஏற்றுக்கொள்ளப்பட்டது. அன்றிரவு 11 பேர் இறந்தார்கள். பொய் எச்சரிக்கையால் ஆட்களின் தூக்கம் கெடக் கூடாது என்பதற்காகப் பொது அபாயமணி தானாக ஒலிக்காதபடி வைக்கப்பட்டிருந்தது என்று அந்த ரிக்கின் தலைமை மின்னணுத் தொழில்நுட்பர் பிறகு விசாரணையில் சாட்சி சொன்னார். தூங்கவிடுவதும் பாதுகாப்புதான், எழுப்புவதும் பாதுகாப்புதான்; அந்த முடிவை எடுத்தவர்களைத் திட்டுவது எளிது. நான் சொல்ல வருவது, ஒவ்வாத எண்ணைப் பார்த்ததும் ‘நிறுத்து’ என்று கையைத் தூக்கும் திறனை நான் எந்தக் கருவியாலும் அளக்க முடியாது என்பதைத்தான். இருபத்திரண்டு வயதுப் பையன், இருபது வருட அனுபவமுள்ள டூல்புஷர், அதாவது ரிக் மேலாளர், முன்னால் நின்று, “சார், எனக்கு இது சரியாப் படல” என்று சொல்ல வேண்டும். நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் அந்தப் பழக்கத்தைக் கொடுக்கிறோமா என்று இங்கே இருக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, கைக்கு உதவும்படி சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். வெளிநாட்டு ரிக் வேலை என்று சொல்லி ஏஜெண்ட் பணம் கேட்டால், கட்டுவதற்கு முன்பே அரசு மருத்துவமனையில் நிறப் பார்வையும் காதும் பார்த்துவிடுங்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பிறகு என் அறையில் வந்து தேறாமல் போனவர்களின் அப்பாக்களிடம் பதில் சொல்வது எனக்குப் பழகவே இல்லை. கிடைக்கும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் உண்மையானதா, பயிற்சிக் குளத்தில் உண்மையில் இறக்கினார்களா என்று பாருங்கள்.

வேலையில் சேரும் முன் எடுக்கும் முதல் ஆடியோகிராமின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மாட்டோம் என்றால் எழுத்தில் கேளுங்கள். சத்தத்தால் வரும் செவிக்குறை நம் நாட்டுச் சட்டத்தில் இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்கப்பட்டது. ஆனால் பதினைந்து வருடம் கழித்து நீங்கள் போய் நிற்கும்போது, காது இங்கே வருமுன்பே இப்படித்தான் இருந்தது என்று ஒருவர் சொல்வார். அப்போது உங்களிடம் இருக்க வேண்டியது அந்த ஒரு தாள்தான். ரிக்குக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், எண்ணெய்க் கறையில் நாசமாகிவிடும். நிலப்பட்டா வைத்திருக்கும் பெட்டியிலேயே அம்மாவிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். தாடியைப் பற்றிப் பேசியபோதே ஒரு தம்பி கையைத் தூக்கினார், அவரிடமிருந்து தொடங்குவோம்.